மூணாறு தலைப்பும் கூகுள் தேடலும்

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பு என்று ஓர் இடம். கல்லணையில் பிரிந்து தென்பெரம்பூர் வழியாக வரும் வெண்ணாறு, இங்கே கோரையாறு, பாமனியாறு, வெண்ணாறு என்று மூன்றாகிறது. எந்த ஷட்டரை எவ்வளவு தூக்குகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் மன்னார்குடிப் பக்கமும் திருத்துறைப்பூண்டிப் பக்கமும் நாற்று பிழைக்கும். வயலில் நிற்கும் தண்ணீர் எந்த வாய்க்காலில் வந்தது, அந்த வாய்க்காலுக்கு எந்த ஆறு, அந்த ஆற்றுக்கு எந்தத் தலைப்பு என்று பின்னோக்கிச் சொல்வது டெல்டா விவசாயிக்குப் பழகிய கணக்கு.

கைபேசியில் ‘ஆடுதுறை 43 சாகுபடி’ என்று தட்டினால் கண்ணிமைக்கும் நேரத்தில் பக்கங்கள் வரிசைகட்டி வருகின்றன. முதல் நாலைந்தைத் தாண்டிப் போகிறவர்கள் குறைவு. முதலில் நிற்கும் பக்கம் ஏன் முதலில் நிற்கிறது என்று கேட்டால், அதில் விவரம் நன்றாக இருக்கும் என்று பதில் வரும். அது பாதி உண்மை. மீதிப் பாதிக்கு, தண்ணீர்க் கணக்கைப் போலவே பின்னோக்கித்தான் போக வேண்டும். அந்தப் பக்கத்துக்கு எந்தெந்தத் தளங்கள் இணைப்புக் கொடுத்திருக்கின்றன? அந்தத் தளங்களுக்கு யார் யார் இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள்? இணைப்பு என்பது எல்லோருக்கும் தெரிந்த லிங்க்தான். நிறம் மாறித் தெரியும் ஒரு சொல்லைத் தொட்டால் இன்னொரு பக்கம் திறக்கிறதே, அதுதான். அந்தச் சின்ன விஷயத்தின் மேல்தான் இன்றைய இணையத் தேடல் கட்டி எழுப்பப்பட்டது.

வாசகரின் நேரம்

வேண்டியது வேண்டியவருக்குத் தாமதமில்லாமல் கிடைக்க வேண்டும் என்ற கவலை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் 1892இல் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் பிறந்தவர். அவர் பெயரின் முன்னால் நிற்கும் ‘எஸ்’, இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கும் சீர்காழியைக் குறிப்பது. கணித ஆசிரியராக இருந்த அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் அவர் வெளியிட்ட நூலகவியல் விதிகள் ஐந்தில் ஒன்று, வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பதைப் பற்றியது. அதற்காகவே புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கும் கோலன் பகுப்பு முறையை 1933இல் கொண்டுவந்தார்.

நூலகத்தில் எந்தப் புத்தகம் எந்த அலமாரிக்கு என்று முடிவுசெய்ய நூலகர் இருக்கிறார். இணையத்தில் அப்படி யாரும் இல்லை. யார் வேண்டுமானாலும் எழுதலாம், எதை வேண்டுமானாலும் எழுதலாம். 1990களின் நடுவில் வந்த தேடுபொறிகள், தேடிய சொல் ஒரு பக்கத்தில் எங்கே, எத்தனை முறை வருகிறது என்பதையே பெரிதாக எடுத்துக்கொண்டன. அதைத் தெரிந்துகொண்டவர்கள், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஒரே சொல்லை நூறு முறை எழுதிவைத்தார்கள். படிப்பவர் கண்ணுக்குத் தெரியாது, எந்திரத்துக்குத் தெரியும். அந்தப் பக்கம் மேலே வந்துவிடும்.

இந்தச் சிக்கலுக்கு வழி கண்டவர்கள் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கேய் பிரின்னும். 1996இல் அவர்களுடைய தேடுபொறிக்குப் பெயர் ‘பேக்ரப்’. ஒரு பக்கத்தை நோக்கி வரும் இணைப்புகளைப் பின்தொடர்ந்து போனதால் வந்த பெயர் அது. யோசனை கிடைத்த இடம் கல்வி உலகம். ஓர் ஆய்வுக் கட்டுரையை வேறு ஆய்வாளர்கள் எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதை வைத்து அதன் செல்வாக்கை அளக்கும் வழக்கம் அங்கே ஏற்கெனவே இருந்தது. யூஜின் கார்ஃபீல்டு என்பவர் 1964இலேயே அப்படி ஒரு மேற்கோள் அட்டவணையை வெளியிட்டிருந்தார். இணையத்தில் இணைப்பும் மேற்கோள்தானே என்று இந்த இருவரும் நினைத்தார்கள். 1998இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் கூகுள் நிறுவனம் பதிவானது. அவர்கள் வகுத்த கணக்குக்கு, பேஜின் பெயரைக் கொண்டு ‘பேஜ்ரேங்க்’ என்று பெயர்.

கல்லணைக் கணக்கு

பேஜ்ரேங்க் வெறும் எண்ணிக்கையாக இருந்திருந்தால் ஏமாற்றுவது சுலபம். ஆயிரம் போலிப் பக்கங்களைத் திறந்து ஆயிரம் இணைப்புக் கொடுத்துக்கொள்ளலாம். அதைத் தடுப்பதற்கு அவர்கள் வைத்த ஏற்பாட்டைக் காவிரிக் கரைக்காரர்களுக்கு விளக்குவது எளிது.

கல்லணைக்கு வரும் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப்படும் புது ஆறு, கொள்ளிடம் என்று பிரிகிறது. ஒரு கிளைக்குக் கிடைப்பது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: அணைக்கு எவ்வளவு வந்தது, எத்தனை கிளைகளுக்குப் பிரிந்தது. பேஜ்ரேங்க்கும் அப்படித்தான். கணக்குக்காக ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு பல்கலைக்கழகப் பக்கத்தின் மதிப்பு 100. அது நான்கு பக்கங்களுக்கு இணைப்புக் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் 25 போகும். நேற்றுத் தொடங்கிய தளம் ஒன்றின் மதிப்பு 12. அது இரண்டு பக்கங்களுக்குக் கொடுத்தால் ஆளுக்கு 6. இப்படிப்பட்ட சின்னத் தளங்கள் நான்கு சேர்ந்து கொடுத்தாலும் 24தான். பல்கலைக்கழகம் கொடுத்த ஒற்றை இணைப்புக்கு அது ஈடாகாது. அதே பல்கலைக்கழகப் பக்கம் கண்டதற்கெல்லாம் நானூறு இணைப்புக் கொடுத்திருந்தால், தலைக்குக் கால்தான் மிஞ்சும்.

தண்ணீருக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஒரு பக்கத்தின் மதிப்பு அதற்குள் வரும் இணைப்புகளிலிருந்து கணக்கிடப்படுகிறது. வெளியே கொடுப்பதால் அதன் சொந்த மதிப்பு நேரடியாகக் குறைந்துவிடுவதில்லை.

இன்னொன்று, மழை. ஆற்றுத் தண்ணீர் எட்டாத வயலிலும் ஐப்பசி மழை பெய்யும் அல்லவா? பேஜும் பிரின்னும் இணைப்பு வழியாக ஓடும் மதிப்பில் 85 விழுக்காட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி 15 விழுக்காட்டை எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவாகப் பங்கிட்டார்கள். இணைப்புகளைத் தொட்டுத் தொட்டுப் போகும் ஒருவர் அவ்வப்போது சலித்துப்போய்ச் சம்பந்தமில்லாத வேறு பக்கத்துக்குத் தாவிவிடுவார் என்பது அவர்கள் சொன்ன காரணம். இந்தப் பொதுப் பங்கு இல்லாவிட்டால், தங்களுக்குள் மட்டும் இணைப்புக் கொடுத்துக்கொள்ளும் பக்கங்களில் மதிப்பெல்லாம் போய்த் தேங்கிவிடும். வடிகால் இல்லாத பள்ளத்தில் தண்ணீர் நிற்பதுபோல.

இதன் மதிப்பு அதைப் பொறுத்தது, அதன் மதிப்பு இதைப் பொறுத்தது என்றால் கணக்கை எங்கே தொடங்குவது? எல்லாப் பக்கங்களுக்கும் முதலில் சம மதிப்புக் கொடுத்துவிட்டு, பங்கிடுவதைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டே போவார்கள். ஒரு கட்டத்தில் எண்கள் மாறாமல் நிலைக்கு வந்துவிடும். 2.6 கோடிப் பக்கங்களுக்கான கணக்கை நடுத்தரமான ஒரு கணினியில் சில மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று 1998ஆம் ஆண்டுக் கட்டுரையில் எழுதியிருந்தார்கள்.

எந்தச் சொல்லைத் தொட்டால் திறக்கிறது?

இணைப்பு எங்கிருந்து வருகிறது என்பதோடு, எந்தச் சொல்லின் மேல் இருக்கிறது என்பதையும் தேடுபொறி பார்க்கிறது. ‘நாச்சியார்கோவில் குத்துவிளக்கு’ என்ற சொற்களின் மேல் இணைப்பு இருந்தால், போய்ச்சேரும் பக்கம் குத்துவிளக்கைப் பற்றியது என்று அது புரிந்துகொள்ளும். ‘இங்கே சொடுக்கவும்’ என்பதன் மேல் இருந்தால் ஒன்றும் புரியாது. ஆங்கிலத்தில் ‘இங்கே சொடுக்கவும்’ என்று தேடினால் நெடுங்காலம் முதலில் வந்தது அடோபி ரீடர் மென்பொருளின் தரவிறக்கப் பக்கம். அந்தப் பக்கத்துக்கு உலகம் முழுவதும் அத்தனை பேர் அந்தச் சொற்களின் மேல் இணைப்புக் கொடுத்திருந்தார்கள்.

இதை அரசியலுக்கும் பயன்படுத்தினார்கள். 2003இல் ‘படுதோல்வி’ என்ற பொருள் தரும் ஆங்கிலத் தொடரின் மேல் பலரும் பேசிவைத்துக்கொண்டு ஒரே பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்க, அந்தத் தொடரைத் தேடியவர்களுக்கு அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் அதிகாரபூர்வ வாழ்க்கைக் குறிப்பு முதலில் வந்தது. அந்தப் பக்கத்தில் அந்தத் தொடரே கிடையாது. இப்படிப்பட்ட ஏற்பாடுகளைச் செயலிழக்கச் செய்யும் மாற்றத்தை 2007 ஜனவரியில்தான் கூகுள் கொண்டுவந்தது.

சென்னையில் படித்தவர்கள்

இந்தத் துறையின் தொடக்கத்திலேயே இந்தியர்கள் இருந்தார்கள். பேஜ்ரேங்க்கை விளக்கும் ஸ்டான்ஃபோர்டு அறிக்கையின் நான்கு ஆசிரியர்களில் ஒருவர் பேராசிரியர் ராஜீவ் மோட்வானி. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த பிரபாகர் ராகவன், ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் கிளைன்பர்க் உள்ளிட்டோருடன் சேர்ந்து இணைப்புகளை அலசும் ‘கிளெவர்’ திட்டத்தில் உழைத்தார். நல்ல தகவல் இருக்கும் பக்கம் ஒரு வகை, நல்ல பக்கங்களைக் காட்டிக்கொடுக்கும் பக்கம் இன்னொரு வகை என்று கிளைன்பர்க் பிரித்தது பேஜ்ரேங்க் உருவான அதே காலத்தில்தான். ராகவன் பின்னாளில், 2020 முதல் 2024 வரை, கூகுளின் தேடல் பிரிவுக்கே தலைமை தாங்கினார்.

அதே சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த கிருஷ்ணா பரத், கூகுள் நியூஸைத் தொடங்கியவர். ஜார்ஜ் மிஹாய்லா என்பவரோடு சேர்ந்து அவர் உருவாக்கிய ‘ஹில்டாப்’ முறை இன்னொரு கேள்வியைக் கேட்டது: இணைப்புக் கொடுப்பவருக்கு இந்த விஷயம் தெரியுமா? ஒன்றோடொன்று தொடர்பில்லாத, அந்தத் துறையை அறிந்த பக்கங்கள் சேர்ந்து ஒரு பக்கத்தைக் காட்டினால்தான் அதற்கு எடை கூடும். நெல் விதையைப் பற்றி வேளாண் அறிவியல் நிலையம் சொல்வதும் சினிமாத் தளம் சொல்வதும் ஒன்றாகாது என்பதைக் கணக்காக எழுதிய முறை அது.

விலைக்கு வந்த சாட்சி

தேடலில் முதலிடம் என்றால் வியாபாரம். வியாபாரம் என்று வந்த பிறகு, இணைப்புகள் விலைக்கு விற்கத் தொடங்கின. பணம் வாங்கிக்கொண்டு இணைப்புக் கொடுப்பது, ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வதற்காகவே நூற்றுக்கணக்கில் தளங்களைத் தொடங்குவது என்று இது ஒரு தொழிலாகவே வளர்ந்தது.

2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட செய்தி இந்தத் தொழிலை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. ஜே.சி. பென்னி என்ற பெரிய அமெரிக்கக் கடை, முந்தைய பண்டிகைக்காலம் முழுவதும் உடை, படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு என்று எதைத் தேடினாலும் முதலில் வந்துகொண்டிருந்தது. ஆராய்ந்தால், துணிக்குச் சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து அதற்கு இணைப்புகள் போயிருந்தன. அந்த இணைப்புகளுக்குத் தான் அனுமதி தரவில்லை என்றது நிறுவனம். கூகுள் ஊழியர்களே நேரடியாக நடவடிக்கை எடுத்தார்கள். ஒரு பயணப்பெட்டிக்கான தேடலில் மாலை 7 மணிக்கு முதலிடத்தில் இருந்த கடை, 9 மணிக்கு 71ஆவது இடத்தில் இருந்தது.

2013 பிப்ரவரியில் பிரிட்டனின் இன்டர்ஃப்ளோரா பூ விற்பனை நிறுவனத்துக்கும் இதே கதி. உள்ளூர்ப் பத்திரிகைத் தளங்களில் கட்டுரை வடிவில் விளம்பரம் கொடுத்து, அவற்றிலிருந்து இணைப்புகளைப் பெற்றிருந்தது. சுமார் 11 நாட்களுக்கு அதன் சொந்தப் பெயரைத் தேடினாலும் அது வரவில்லை.

இடையில், 2012 ஏப்ரல் 24 அன்று, ‘பென்குயின்’ என்ற பெயரில் போலி இணைப்புகளைத் தானாகக் கண்டுபிடிக்கும் மாற்றத்தைக் கூகுள் அறிமுகப்படுத்தியிருந்தது. 2016 முதல் அதன் போக்கு மாறியது. போலி இணைப்பு வாங்கியவரைக் கீழே தள்ளுவதைவிட, அந்த இணைப்பைக் கணக்கிலேயே சேர்க்காமல் விடுவது பெரும்பாலும் நடக்கிறது. வாங்கியவருக்குத் தண்டனை தெரியாது. பணம் மட்டும் போயிருக்கும்.

தஞ்சாவூர் ஓவியம், தலையாட்டி பொம்மை, வீணை, சுவாமிமலை ஐம்பொன் சிலை, திருபுவனம் பட்டு என்று புவிசார் குறியீடு பெற்ற பொருட்களைச் செய்கிறவர்கள் இந்த மண்ணில் நிறைய. பலர் சொந்தமாக இணையதளம் வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் ‘ஒரே மாதத்தில் கூகுளில் முதலிடம், ஐந்நூறு பேக்லிங்க் இலவசம்’ என்று யாராவது போன் செய்தால், ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்: முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறது. பத்து ஆண்டுகளாகச் சிலை வாங்கும் வெளிநாட்டுக் கோயில் ஒன்று, தன் குடமுழுக்குப் பக்கத்தில் இந்தப் பட்டறையில் செய்தது என்று ஒரு வரி எழுதி இணைப்புக் கொடுத்தால், அது அந்த ஐந்நூறையும்விட அதிக மதிப்புப் பெறும்.

இங்கே ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இன்று இணைப்பு மட்டுமே எல்லாம் என்று இல்லை. பக்கத்தில் என்ன இருக்கிறது, தேடுபவர் எந்த ஊரில் இருக்கிறார், தகவல் புதிதா என்று பலவற்றையும் கூகுள் பார்க்கிறது. முதல் மூன்று காரணிகளில் இப்போது இணைப்பு இல்லை என்று கூகுளின் கேரி இல்யேஸ் 2023 செப்டம்பரில் கூறினார். ஆனால் இணைப்பைக் கூகுள் கைவிட்டுவிடவில்லை. வரைபடத்தில் கடைகளை வரிசைப்படுத்தும்போதுகூட, ஒரு கடை எந்த அளவு அறியப்பட்டது என்பதற்குப் பிற தளங்களின் இணைப்புகளையும் பார்ப்பதாக அது சொல்கிறது.

தமிழ்ப் பக்கம் கடைமடையில்

கூகுள் பதிவான அதே 1998இன் பொங்கல் அன்று, சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இலவசமாக வைக்கும் திட்டம் அது. இணைப்புக்காக அது யாருக்கும் பணம் கொடுத்ததில்லை. தமிழ் இலக்கியம் பற்றி எழுதுகிறவர்கள் தாமாகவே அதைக் காட்டினார்கள். கால் நூற்றாண்டுக்கு மேலாகக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். நல்ல இணைப்பு எப்படிச் சேர்கிறது என்பதற்குத் தமிழில் இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் தமிழ் இணையம் முழுவதற்கும் அந்தப் பாக்கியம் இல்லை. தொடக்ககாலத்தில் ஒவ்வொரு தமிழ்த் தளமும் தனித்தனி எழுத்துரு வைத்திருந்தது. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தது, தேடுபொறிக்குப் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தது. யூனிகோடு பரவிய பிறகுதான் தமிழில் தேடினால் தமிழ் கிடைத்தது. அதற்குமுன் எழுதப்பட்ட பக்கங்கள் பலவும் அவற்றுக்கு இடையிலான இணைப்புகளும் தூர்ந்துபோன வாய்க்கால்களாகிவிட்டன. ஓலைச்சுவடியையோ பழைய நூலையோ படமாக மட்டும் ஏற்றினாலும் இதே கதைதான். விளக்கம் எழுத்தில் இல்லாவிட்டால் தேடுபவருக்கு அது சுலபத்தில் அகப்படாது.

விக்கிப்பீடியாவிலிருந்து இணைப்புக் கிடைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. விளம்பர இணைப்புகளைத் தடுப்பதற்காக 2005இல் ‘நோஃபாலோ’ என்ற குறியீட்டைத் தேடுபொறி நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டன. அந்தக் குறியீடு போட்டால் மடை திறந்திருந்தும் மதிப்பு ஓடாது. விக்கிப்பீடியா தன் வெளி இணைப்புகளுக்கு அதைப் போடுகிறது. 2019 முதல் அதைக் கட்டளையாக அல்லாமல் ஒரு குறிப்பாக மட்டும் கூகுள் எடுத்துக்கொள்கிறது. விக்கிப்பீடியா இணைப்பால் வாசகர்கள் வருவார்கள். அதைவைத்துத் தேடல் வரிசையில் ஏறிவிடலாம் என்று கணக்குப் போடக் கூடாது.

முகவரி மாற்றமும் பெரிய இழப்பு. ஒரு கல்லூரியோ அரசு அலுவலகமோ புதிய தளம் தொடங்கிப் பழைய முகவரியை அப்படியே விட்டுவிட்டால், ஆண்டுக்கணக்கில் சேர்ந்த இணைப்புகள் எல்லாம் ஆளில்லாத வீட்டுக்குப் போய் நிற்கும். பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய முகவரிக்குத் தானாக அனுப்பும் ஏற்பாட்டைச் செய்வது சில நிமிட வேலை. கெடு முடிந்து கைவிடப்பட்ட முகவரிகளை விலைக்கு வாங்கி, அவற்றின் பழைய நற்பெயரை வைத்து வேறு சரக்கை விற்கிறவர்களும் இருக்கிறார்கள். 2024 மார்ச்சில் கூகுள் இதை முறைகேடு என்று விதிகளில் சேர்த்தது. திருவிழா மலருக்காகத் தொடங்கிய தளத்தையும் புதுப்பிக்காமல் விடும் ஊர்க்காரர்கள் இதை மனதில் கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, தமிழில் எழுதுகிறவர்கள் இணைப்புக் கொடுக்கத் தயங்குவது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் புதிய ரகம் வெளியிட்டது என்று செய்தி வரும். அந்த ரகம் பற்றிய பல்கலைக்கழகப் பக்கத்துக்கு இணைப்பு இருக்காது. சரஸ்வதி மகாலில் உள்ள சுவடியைப் பற்றிக் கட்டுரை வரும். நூலகத்தின் தளத்துக்கு இணைப்பு இருக்காது. வாசகர் வேறிடம் போய்விடுவார் என்ற பயம் ஒரு காரணம். கொடுத்தால் நமக்குக் குறைந்துவிடும் என்ற எண்ணம் இன்னொன்று. விளைவு என்ன? மாப்பிள்ளைச் சம்பாவையோ கருப்புக் கவுனியையோ பற்றித் தேடுகிறவருக்கு முன்னால் ஆராய்ந்து எழுதியவரும், சரக்கை விற்பதற்காக வாய்க்கு வந்த மருத்துவக் குணங்களை எழுதியவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். யாரை நம்பலாம் என்று காட்டிக்கொடுக்கத் தெரிந்தவர்கள் காட்டிக்கொடுக்காததால் வந்த நிலை இது.

ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி தொடங்கியது 1922இல். தஞ்சையில் சரஸ்வதி மகால் பொது நூலகமானது 1918இல். தமிழ்ப் பல்கலைக்கழகம் அமைந்தது 1981இல். நூறாண்டு அறிவு இந்தச் சில மைல்களுக்குள் இருக்கிறது. நெல்லைப் பற்றியோ கோயிலைப் பற்றியோ கலையைப் பற்றியோ இணையத்தில் எழுதும் ஆசிரியர்களும் மாணவர்களும் பத்திரிகையாளர்களும், தகவல் எடுத்த பக்கத்தின் பெயரை எழுதி, அந்தப் பெயரின் மேலேயே இணைப்பையும் கொடுக்கட்டும். தஞ்சை நிறுவனங்கள் தங்கள் பக்கங்களில் ஒன்றையொன்று காட்டட்டும். மேட்டூர் திறப்பதற்கு முன்னால் வாய்க்கால் தூர்வாருவது டெல்டாவில் ஆண்டுதோறும் நடக்கிற வேலை. அதே பருவத்தில் ஒரு நாளை ஒதுக்கி, தங்கள் தளத்தில் உள்ள பழைய இணைப்புகள் திறக்கின்றனவா என்றும் பார்த்துவிடலாம்.